பொன்னும் இரும்பும் தூசியும்: கிருஷ்ணகிரி – கோலார் வட்டாரச் சுரங்க மரபும் அருங்காட்சியக நினைவும்

ஆய்வுச்சுருக்கம்

ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி ஆகிய வட்டாரங்களும் அவற்றுக்கு வடக்கே கருநாடக எல்லைக்குள் அமைந்த கோலார் தங்கவயலும் நிலவியலாலும் உழைப்பாலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இரும்பு, கல், பொன் ஆகிய மூன்றையும் மண்ணிலிருந்து எடுத்த நெடிய மரபு இந்நிலப்பரப்பிற்கு உண்டு. எனினும் அருங்காட்சியக நடைமுறையில் இரும்பு தொல்லியலாகவும், கல் கலையாகவும், பொன் அயல் மாநிலத்துச் செய்தியாகவும் பிரிந்து நிற்கின்றன. இப்பிரிவினையில் விடுபட்டுப்போவது தொழிலாளரின் வரலாறு. நடுகல், நிறுவன ஆவணம், தமிழ் அச்சிதழ் ஆகிய மூவகைச் சான்றுகளைக் கொண்டு அவ்வரலாற்றை அருங்காட்சியகத்திற்குள் கொண்டுவர இயலும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சுரங்க மரபு, கிருஷ்ணகிரி அருங்காட்சியகம், கோலார் தங்கவயல், நடுகல், சிலிகோசிஸ், தமிழன் இதழ்

முன்னுரை

ஒரு வட்டாரத்தின் தொழில் மரபை அவ்வட்டார அருங்காட்சியகம் எவ்வாறு நினைவுகொள்கிறது என்பது வரலாற்றெழுதியலின் முதன்மையான வினாக்களுள் ஒன்று. அருங்காட்சியகம் பொருள்களைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமன்று. எப்பொருள் வரலாற்றுக்கு உரியது, எது உரியதன்று என்று தீர்ப்பளிக்கும் இடமும் ஆகும். சுரங்கத் தொழிலைப் பொறுத்தவரை இத்தீர்ப்பு மேலும் கூர்மையடைகிறது. மண்ணிலிருந்து வெளிவந்த தாது பேழையில் இடம்பெறுகிறது. அதை எடுக்க உள்ளே இறங்கியவர் இடம்பெறுவது அரிது.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1993இல், கிருஷ்ணகிரி நகரில் அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டுவிட்டது. இது சுரங்கத் தொழிலுக்கென அமைந்த காட்சியகம் அன்று. பல்துறைப் பொருள்களைக் கொண்ட மாவட்ட அருங்காட்சியகம். ஆயினும் ஊத்தங்கரையிலிருந்து மத்தூர் வழியாக அங்கே செல்லும் பார்வையாளர் கடந்துசெல்லும் நிலமே ஒரு திறந்தவெளிக் கனிமக் கூடம் எனலாம். அந்நிலத்திற்கும் பேழைக்கும் இடையிலுள்ள இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

ஊத்தங்கரை: நிலமும் கனிமமும்

ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த சாமல்பட்டி நிலவியலாளர் நன்கறிந்த பெயர். இங்கும் இதன் வடகிழக்கே சேவத்தூரிலும் காணப்படும் கார்பனடைட் என்னும் அரிய தீப்பாறை வகை, 1970களின் தொடக்கத்திலிருந்து உலக நிலவியல் இலக்கியத்தில் இடம்பெற்று வருகிறது. எஃகைக் கடினப்படுத்த உதவும் மாலிப்டினம் என்னும் உலோகத்தின் தாது, அரூர் – ஊத்தங்கரைப் பகுதியின் குவார்ட்சு நரம்புகளில் உள்ளதை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை ஆராய்ந்துள்ளது. பொருளாதார நிலையில் இவற்றினும் பெரியது கிரானைட். கிருஷ்ணகிரி வட்டாரத்தின் வரியோடிய பல்வண்ணக் கல், 'பாரடைசோ' என்னும் வணிகப் பெயரில் அயல்நாட்டுக் கட்டடங்களை அணிசெய்கிறது. அது வெட்டப்பட்ட குழிகளோ மழைநீர் தேங்கிய குட்டைகளாக இவ்வட்டாரத்திலேயே நிற்கின்றன.

சாமல்பட்டி ஒரு தொடர்வண்டி நிலையமும் ஆகும். சேலம் – சோலையார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த இந்நிலையத்திலிருந்து வடக்கே சென்றால் சோலையார்பேட்டை. அங்கிருந்து பெங்களூர்ப் பாதையில் பங்காரப்பேட்டை. அங்கிருந்து கிளைபிரியும் பாதை தங்கவயலின் மாரிகுப்பத்தில் முடிகிறது. இன்று மாநில எல்லையால் பிரிக்கப்பட்டுத் தோன்றும் இரு கனிம நிலங்களை இப்பாதை ஒரே உழைப்புச் சந்தையாக இணைத்திருந்தது.

பேழைக்குள் இரும்பு

இவ்வட்டாரத்தின் இரும்புத் தொன்மை அண்மைக்காலத்தில் பெரும் கவனம் பெற்றது. பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளி அருகே அமைந்த மயிலாடும்பாறையில் பேராசிரியர் கா. இராசன் முன்னரே அகழாய்வு செய்திருந்தார். பின்னர்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் 2021இல் அங்கே அகழாய்வு மேற்கொண்டது. மயிலாடும்பாறை மாதிரிகளின் காலக்கணிப்பு கி.மு. 1615, கி.மு. 2172 என்னும் ஆண்டுகளைத் தந்தது. 2022 மே மாதம் தமிழகச் சட்டப்பேரவையில் இம்முடிவு அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளை முதலிய இடங்களின் சான்றுகளால் இக்காலத்தை மேலும் முன்னோக்கி நகர்த்தியது.

இவ்விவாதம் பெரிதும் காலத்தைப் பற்றியதாகவே அமைந்தது. இரும்பு எப்போது தோன்றியது என்பதே முதல் வினா. அதை எவர், எத்தகைய உழைப்பால் உருக்கினர் என்பது பின்தள்ளப்பட்டது. தாதுவைத் தேடிப் பொறுக்குதல், கரிக்காக மரம் வெட்டிச் சுடுதல், களிமண் உலை கட்டுதல், துருத்தி மிதித்தல், இறக்கிய இரும்பைச் சம்மட்டியால் அடித்துக் கசடு நீக்குதல் எனப் பலர் கைகோத்த தொழில் அது. கொடுமணல் அகழாய்வில் கிடைத்த உலை எச்சங்கள் இத்தொழிற்படிகளை உணர்த்துகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சேலம் மாவட்டச் சிற்றூர்களில் இத்தொழில் உயிரோடிருந்தது. இறக்குமதி இரும்பின் மலிவும், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப்பின் கரிக்கான விறகு அருகியதும் அதை நலிவுறச் செய்த காரணங்களுள் குறிப்பிடத்தக்கவை. ஆகவே இரும்பின் வரலாறு கி.மு. ஆயிரமாண்டுகளோடு முடிவதன்று. காட்சிப்பேழை அதைத் தொல்பழங்காலத்தில் நிறுத்திவிடும்போது, அண்மைக்கால உலைத்தொழிலாளர் வரலாற்றிலிருந்து உதிர்ந்துவிடுகின்றனர்.

கனிமத்தைக் காட்டும் மரபின் தோற்றம்

இப்பார்வை தற்செயலாக அமைந்ததன்று. தமிழகத்தின் முதல் அரசு அருங்காட்சியகமாகிய சென்னை அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியபோது அதன் கரு, சென்னை இலக்கியக் கழகத்திடமிருந்து பெற்ற ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளே. எட்வர்டு பால்ஃபோர் அதன் முதற் பொறுப்பாளர். கும்பெனி ஆட்சிக்குத் தன் ஆட்சிப்பரப்பில் எக்கனிமம் எங்குண்டு என்று அறியும் தேவை இருந்தது. மாதிரிக் கற்கள் அத்தேவைக்கு விடையளித்தன. அங்கே கல்லுக்குப் பெயர்ச்சீட்டு உண்டு. கிடைத்த இடத்தின் குறிப்பும் உண்டு. எடுத்தவர் பெயருக்கு அச்சீட்டில் இடமில்லை. அந்த வகைப்பாட்டு முறையே பிற்கால மாவட்ட அருங்காட்சியகங்களுக்கும் மரபாகக் கையளிக்கப்பட்டது எனலாம்.

கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தின் சிறப்பு அதன் நடுகற்களில் உள்ளது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகள் தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகள். ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் விலங்கொடு பொருதும் இறந்தோருக்கு எடுக்கப்பட்டவை இவை. அரசனின் ஆட்சியாண்டு, தலைவன், வீரனின் பெயர், அவன் செயல் என்பனவற்றைச் சுருங்கிய தொடரில் பொறிப்பது இவற்றின் முறை. செங்கம் பகுதியில் அமைந்த எடுத்தனூரின் பல்லவர் காலத்து நடுகல், கருந்தேவக்கத்தி என்னும் வீரனை மட்டுமின்றி அவனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயையும் பெயர் சுட்டி நினைவுகூர்கிறது.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. ஆபத்தான செயலில் இறந்த எளிய மனிதனின் பெயரைக் கல்லில் நிலைநிறுத்துவது இந்நிலத்தின் பழைய பண்பாடு. அதே நிலத்திலிருந்து சென்று பாறைக்குள் இறந்தோரைப் பற்றிய நினைவு எத்தகையது என்னும் வினாவை நடுகல்லே எழுப்புகிறது.

எல்லைக்கு அப்பால் பொன்

கோலார்ப் பகுதியில் பொன் எடுக்கும் தொழில் ஐரோப்பியருக்கு முற்பட்டது. 1802இல் நில அளவைப் பணிக்கு வந்த ஜான் வாரன், உரிகம், மாரிகுப்பம் ஆகிய ஊர்களில் உள்ளூர் மக்கள், குறிப்பாக ஒடுக்கப்பட்ட சாதியினர், மண்ணைத் தோண்டியும் கல்லைப் பொடித்துக் கழுவியும் பொன் எடுத்ததைப் பதிவுசெய்தார். 1870களில் மைக்கேல் லவெல் மைசூர் அரசிடம் அகழ்வுரிமை பெற்றார். 1880 முதல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. மைசூர், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை பெருஞ்சுரங்கங்களாயின. 1902இல் சிவசமுத்திரத்தின் காவிரி மின்னாற்றல் 92 மைல் கடந்து இச்சுரங்கங்களை அடைந்தது. சாம்பியன் ரீப் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் சென்றது. 1956இல் மைசூர் மாநில அரசும் பின்னர் நடுவண் அரசும் ஏற்று நடத்திய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. அதுவரை எடுக்கப்பட்ட பொன் 800 டன்னுக்கு மேற்பட்டது என்பர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30,000 பேர் பணியாற்றிய இச்சுரங்கங்களில், நிலத்தடிக்கு இறங்கியோருள் பெரும்பான்மையர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தலித் மக்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அக்காலச் சேலம் மாவட்டத்தின் பகுதி. எனவே கோலார் வரலாறு கருநாடகத்தின் வரலாறு மட்டுமன்று. ஊத்தங்கரை சார்ந்த நிலப்பரப்பின் புலம்பெயர் வரலாறும் ஆகும். மாநில எல்லையை அடிப்படையாகக் கொண்ட மாவட்ட அருங்காட்சியக அமைப்பில் இவ்வரலாறு இருபுறமும் உரிமையாளரின்றி நிற்கிறது.

அறிவியல் வரலாறு இச்சுரங்கத்தை மறக்கவில்லை. 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் இணைந்து சாம்பியன் ரீப்பின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தன. பாறை வெடித்துச் சிதறும் 'ராக் பர்ஸ்ட்' நிகழ்வைக் கண்காணித்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தோன்றியது. கருவிகளின் வரலாறும் கண்டுபிடிப்பின் வரலாறும் இவ்வாறு எழுதப்பட்டுள்ளன. கருவி இறங்கிய அதே குழியில் நாள்தோறும் இறங்கியவரின் வரலாறு அவ்வளவு முறையாகப் பேணப்படவில்லை.

நிறுவனம் பதிந்த உடல்

தொழிலாளரைப் பற்றி ஆவணமே இல்லை என்று கொள்ளுதல் பிழை. ஆவணம் உண்டு, ஆயின் அது நிறுவனத்தின் தேவைக்காக உருவானது. 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் இதற்குச் சான்று. தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிந்து அவர்களைப் பதிவேட்டில் கொணரும் ஏற்பாட்டை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் பணியிலிருந்து விலகினர். தொழிற்சங்கம் முறையாக வேர்கொள்ளாத காலத்தில் நடந்த இவ்வெதிர்ப்பை ஜானகி நாயர் தம் ஆய்வுகளில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ரேகைப் பதிவைத் தொழிலாளர் குற்றவாளிக்குரிய அடையாளமாகக் கருதினர் என்பது, அவர்கள் கூலியை மட்டுமன்றி மானத்தையும் முன்வைத்துப் போராடினர் என்பதைக் காட்டுகிறது.

இரண்டாவது ஆவணம் மருத்துவம் சார்ந்தது. குவார்ட்சுப் பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்து தழும்பை உண்டாக்குகிறது. மூச்சு படிப்படியாகக் குறைகிறது. இழந்த நுரையீரல் மீள்வதில்லை. இதுவே சிலிகோசிஸ். காசநோயை இது எளிதில் வரவழைப்பதால் இரண்டும் ஒன்றாக மயங்கி அறியப்படாமலும் போகும். கோலார் தொழிலாளர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1940களில் ஆராய்ந்த மருத்துவர்கள் கேப்லனும் பர்டனும், அவர்களுள் பத்தில் நால்வருக்கு மேற்பட்டோரிடம் இந்நோயைக் கண்டதாக 1947இல் வெளியிட்டனர். இந்தியத் தொழில்சார் மருத்துவ வரலாற்றில் இது அடிப்படை ஆவணமாகும்.

பேழைக்குள் வைக்க இயலாத பொருள் தூசி. பொன் கட்டியாகி இலண்டன் சென்றது. அரைத்த பாறையின் எச்சம் சயனைடு மண்மேடுகளாகத் தங்கவயலில் நின்றது. நுண்தூசியோ மனிதரின் மார்புக்குள் தங்கி, அவர்களோடு சொந்த ஊர்களுக்குத் திரும்பியது. சுரங்கத்தின் உண்மையான வரவுசெலவுக் கணக்கை இம்மூன்றும் சேர்ந்தே காட்டும்.

இது கடந்தகாலச் செய்தி மட்டுமன்று. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் திறந்தவெளிக் கற்குழியையும் 'சுரங்கம்' என்றே வரையறுத்தது. சிலிகோசிஸ் அச்சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாயிற்று. கிரானைட்டிலும் குவார்ட்சு உண்டு. கிருஷ்ணகிரி வட்டாரத்தின் குவாரிகளிலும் கல் அறுக்கும் பட்டறைகளிலும் எழும் தூசி, கோலாரின் தூசியோடு ஒரே வேதியியலைச் சேர்ந்தது. அருங்காட்சியகம் கோலாரின் தூசியை வரலாறாகக் காட்டுமாயின், அதைக் காணவரும் குவாரித் தொழிலாளியின் குடும்பத்திற்கு அது நிகழ்கால அறிவாகவும் அமையும்.

தொழிலாளரின் எழுத்து

மூன்றாம் வகைச் சான்று, தொழிலாளர் சமூகமே உருவாக்கிய தமிழ் அச்சு. அயோத்திதாசர் 1907 சூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', ஓராண்டுக்குப்பின் 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. இதற்கும் அவர் முன்னெடுத்த தமிழ்ப் பௌத்த இயக்கத்திற்கும் கோலார் தங்கவயல் வலுவான தளமாயிற்று. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கக் கிளை இயங்கியது. 1914இல் அயோத்திதாசர் மறைந்தபின் சிறிது காலத்தில் நின்றுபோன 'தமிழன்', 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. மாரிகுப்பம் சித்தார்த்த புத்தகசாலை, அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்டுப் பிற்காலத்தார் கைக்குச் சேர்த்தது.

நிறுவனப் பதிவேட்டில் எண்ணாகவும் ரேகையாகவும் நின்ற மக்கள், சமயம், வரலாறு, சாதி ஒழிப்பு ஆகியவை குறித்துத் தமிழில் எழுதியும் படித்தும் விவாதித்தும் வந்தனர். தமிழ் அறிவுலக வரலாற்றில் இது தனித்தன்மை வாய்ந்த நிகழ்வு. பௌத்த இயக்க வரலாற்றில் இவ்விதழ்கள் பயன்படுத்தப்பட்டுள்ளன, ஜி. அலாய்சியஸ் முதலியோரின் ஆய்வுகள் இதற்கு எடுத்துக்காட்டு. சுரங்கத் தொழில் மரபின் ஆவணமாகவும் அவற்றை வாசித்தல் வேண்டும். துளையிடும் கருவியும் தலைவிளக்கும் சுரங்க மரபின் சின்னங்கள் என்றால், மாரிகுப்பத்தில் அச்சான நூலும் அதே மரபின் சின்னமே.

இவ்வகை நினைவு அருங்காட்சியகங்களில் இடம்பெறாத நிலையில் அவ்விடத்தைத் திரைப்படம் நிரப்புகிறது. கன்னடத்தில் 'கே.ஜி.எஃப்' (2018), தமிழில் 'தங்கலான்' (2024) ஆகிய படங்கள் தங்கவயலைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றன. புனைவுக்குரிய உரிமையோடு அவை இயங்குகின்றன. புனைவையும் சான்றையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் இளம் பார்வையாளருக்குச் செல்லுமிடம் தேவைப்படுகிறது.

அயல்நாட்டு ஒப்பீடு

கோலாரின் மேற்பார்வையாளருள் பலர் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தவர்கள். அந்நாட்டுச் சுரங்க நினைவு எவ்வாறு பேணப்படுகிறது என்பது இங்கே ஒப்பிடத்தக்கது. கார்ன்வாலின் கீவர் வெள்ளீயச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டு, 1993இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கிருஷ்ணகிரி அருங்காட்சியகம் தொடங்கிய அதே ஆண்டு அது. பணி முடிந்து மேலேறியோர் உடைமாற்றிய கூடம் அங்கே விட்டுச்சென்ற நிலையிலேயே காட்சிக்குள்ளது. 2006இல் கார்ன்வால், மேற்கு தெவன் சுரங்க நிலப்பரப்பு உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. வேல்ஸ் நாட்டின் பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம் 1980இல் மூடப்பட்டு 1983இல் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டது. முன்னாள் சுரங்கத் தொழிலாளரே பார்வையாளரை நிலத்தடிக்கு அழைத்துச் சென்று விளக்கும் முறை அங்கே உருவானது.

இவ்விரண்டிலும் கருதத்தக்கது காலம். மூடிய மூன்றே ஆண்டுகளில், தொழிலறிந்தோர் வாழும்போதே நினைவு நிறுவனமாயிற்று. கோலார் மூடப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. கடைசி ஆண்டுகளில் நிலத்தடிக்கு இறங்கியோர் இன்று முதியோர். பாறையின் ஒலியைக் கேட்டே ஆபத்தை உணரும் அறிவும், தொழிலாளர் குடியிருப்பின் வழக்குச்சொற்களும், 1946ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தோரைப் பற்றிக் குடும்பங்களில் வழங்கும் செய்திகளும் எழுத்தில் முழுமையாக ஏறாதவை. அவர்களோடு அவையும் மறையும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கிருஷ்ணகிரி – கோலார் வட்டாரத்தின் இரும்பு, கல், பொன் ஆகியவை ஒரே உழைப்பு மரபின் பகுதிகள். பொருள்வாரியாகவும் மாநிலவாரியாகவும் அமைந்த வகைப்பாடு அவ்வொருமையை மறைக்கிறது. இரண்டாவதாக, தொழிலாளர் வரலாற்றுக்குச் சான்றில்லை என்னும் கருத்து பொருந்தாது. நடுகல் சமூகம் பொறித்த பெயரையும், விரல்ரேகைப் பதிவும் மருத்துவ ஆய்வும் நிறுவனம் அளந்த உடலையும், 'தமிழன்' இதழ் தொழிலாளர் சமூகத்தின் சொந்தக் குரலையும் தருகின்றன. மூன்றாவதாக, இச்சான்றுகளை ஒருங்கே காட்டுவதற்குப் புதிய மாளிகை தேவையில்லை. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் தொழில் மரபுக்கென ஒரு கூடமும், தங்கவயல் முதியோரிடமும் ஊத்தங்கரை, பர்கூர்ப் பகுதிக் குவாரித் தொழிலாளரிடமும் வாய்மொழி வரலாறு தொகுக்கும் திட்டமும் தொடக்கத்திற்குப் போதுமானவை. இவற்றுள் பல்கலைக்கழக, கல்லூரித் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் உடனே ஏற்கத்தக்கது வாய்மொழித் தொகுப்பு. கூடம் பின்னரும் அமையலாம். முதியோரின் சாட்சியம் காத்திருக்காது.